பக்ஷியைப் பார்த்துச் சிரிக்கலாமா? பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸ் பற்றி ஓர் இழை

ஜூன் 7: இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி

"எல்லோரும் புகழ்கிறார்களே என்று 'தி பார்ட்டி' படத்தை நேற்றுப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஹ்ருண்டி வி. பக்ஷி என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். என் மகள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். குரலை மாற்றிப் பேசுவதைத் தவிர பீட்டர் செல்லர்ஸுக்கு வேறென்ன தெரியும்?"

ஜூன் 7, இரவு

இதில் இரண்டு குற்றச்சாட்டுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. முகச்சாயத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. 1968-இல் வந்த படம், அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் விருப்பமில்லை. அதே 1960-களில் இந்திய நடிகர்கள் ஆங்கிலப் படங்களில் நடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு சுவையானது. ஏனென்றால் செல்லர்ஸே அதை ஏறக்குறைய ஒப்புக்கொண்டவர். 1978-இல் 'மப்பெட் ஷோ' என்ற பொம்மைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனபோது, இங்கே நீங்கள் நீங்களாகவே இருக்கலாம் என்று கெர்மிட் தவளை சொல்கிறது. 'நான்' என்று ஒருவன் கிடையாது, முன்பு இருந்தான், அறுவை சிகிச்சை செய்து அகற்றிவிட்டேன் என்ற பொருளில் பதில் சொல்கிறார். பொம்மையிடம் சொன்ன வேடிக்கைதான். ஆனால் பேட்டிகளிலும் வாழ்நாள் முழுவதும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறந்தது 1925 செப்டம்பர் 8, போர்ட்ஸ்மவுத் நகரின் சவுத்ஸீ பகுதியில். அப்பா அம்மா இருவருமே மேடைக் கலைஞர்கள். வைத்த பெயர் ரிச்சர்ட் ஹென்றி. வீட்டில் கூப்பிட்டதோ பீட்டர் என்று. அவருக்கு முன் பிறந்து பிழைக்காமல் போன அண்ணனின் பெயர் அது. இதை வைத்து மனோதத்துவம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் குறைவு. வேலையைப் பற்றிப் பேசலாம்.

ஜூன் 8

கொழும்பிலிருந்து எழுதிய நண்பர் கேட்கிறார்: செல்லர்ஸ் எங்கள் ஊருக்கு வந்தார் என்பது உண்மையா? உண்மைதான். 1943-இல் விமானப்படையில் சேர்ந்தார். விமானியாக ஆசை, கண்பார்வை இடம் கொடுக்கவில்லை. டிரம்ஸ் நன்றாக வாசிப்பார் என்பதால் ரால்ஃப் ரீடர் நடத்திய 'கேங் ஷோ' என்ற படை வீரர் கேளிக்கைக் குழுவில் இடம் கிடைத்தது. அந்தக் குழுவோடுதான் இந்தியா, இலங்கை, பர்மா என்று சுற்றினார்.

அங்கே அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. நாடக உடுப்புக் கூடையிலிருந்து அதிகாரியின் சீருடையை எடுத்து மாட்டிக்கொள்வார். மீசை ஒட்டிக்கொள்வார். நேராக அதிகாரிகளின் உணவு விடுதிக்குள் நுழைந்து மேல்தட்டுக் குரலில் நலம் விசாரித்துவிட்டு வருவார். பிடிபட்டிருந்தால் கதை கந்தலாகியிருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு கற்ற நடிப்புப் பள்ளி அதுதான் என்பேன். டைரக்டர் எப்போது வேண்டுமானாலும் 'கட்' சொல்லலாம். அந்த அறையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' என்ற அணுகுண்டுக் கேலிப் படத்தைப் பார்த்தவர்கள் அதில் செல்லர்ஸ் நடித்த குரூப் கேப்டன் மாண்ட்ரேக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பித்துப் பிடித்த அமெரிக்க ஜெனரலின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உலகம் அழியப் போகிற நேரத்திலும் மரியாதை குறையாமல் பேசும் அந்த விமானப்படை அதிகாரி. இந்தியாவிலும் இலங்கையிலும் உணவு விடுதி விடுதியாகச் சேகரித்த குரல் அது.

ஜூன் 8, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, ஒரு கதை. போர் முடிந்து வேலையில்லாமல் திரிந்த காலம். 1948-இல் பிபிசி தயாரிப்பாளர் ராய் ஸ்பியருக்குத் தொலைபேசியில் பேசுகிறார். தன் குரலில் பேசினால் செயலாளரைத் தாண்ட முடியாது. அன்றைய வானொலிப் பிரபலம் கென்னத் ஹார்னின் குரலில், செல்லர்ஸ் என்று ஒரு பையன் பிரமாதமாகச் செய்கிறான், கவனியுங்கள் என்று சிபாரிசு செய்கிறார். ஹார்னின் கூட்டாளி ரிச்சர்ட் மர்டாக்கின் குரலிலும் பேசுகிறார். கடைசியில் உண்மையைச் சொல்கிறார். ஸ்பியர் திட்டிவிட்டு வாய்ப்பும் கொடுத்தார். தனக்காகப் பேச அடுத்தவர் குரல் தேவைப்பட்ட மனிதர்!

ஜூன் 10

'கூன் ஷோ' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1951 மே மாதத்தில் தொடங்கி 1960 ஜனவரி வரை பிபிசி வானொலியில் வந்தது. ஸ்பைக் மில்லிகன், ஹாரி சீகோம்ப், செல்லர்ஸ், தொடக்கத்தில் மைக்கேல் பென்டீனும். மில்லிகன் பிறந்தது மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில், 1918-இல். அப்பா அங்கே ராணுவத்தில் இருந்தார். சிறுவயது பூனாவிலும் ரங்கூனிலும் கழிந்தது. அதனால் கூன் ஷோவின் பைத்தியக்கார உலகத்துக்குள் லல்காகா, பானர்ஜி என்று இரண்டு இந்தியர்களும் அவ்வப்போது வந்து வீண் வாதம் செய்துவிட்டுப் போவார்கள். பேசியவர்கள் மில்லிகனும் செல்லர்ஸும். பக்ஷிக்கான விதை அங்கேயே விழுந்துவிட்டது.

எனக்கும் இதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மத்திய இங்கிலாந்தில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் சில காலம் வேலை பார்த்தேன். அங்கே ஓய்வு பெறும் வயதில் ஒரு மேற்பார்வையாளர். நான் எதைச் சொன்னாலும், "சரக்கு வந்துவிட்டது" என்று சொன்னால்கூட, 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' என்று அந்தப் பாட்டின் ராகத்தில் பதில் வரும். கூடவே தலையாட்டல். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வேறென்ன செய்வது?

அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் விஷயம் எளிது. பனி கொட்டிய நாட்களில் என்னைக் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டவர். கூன் ஷோ ஒலிநாடாக்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்தவரும் அவரே. இந்த இழையில் நான் எழுதுவதில் பாதி அந்த டப்பாவிலிருந்து வந்தது. அந்த ராகத்தை இன்று கேட்டாலும் என் முகம் ஒரு மாதிரி இறுகிப்போகிறது. மேலே கேள்வி கேட்டவரின் மகள் ஏன் எழுந்து போனாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

ஜூன் 11

அது எந்தப் பாட்டு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 1960-இல் 'தி மில்லியனரெஸ்' என்ற படம். பெர்னார்ட் ஷாவின் நாடகம் மூலம். சோபியா லோரன் பெரும் பணக்காரி, செல்லர்ஸ் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இந்திய டாக்டர். படத்துக்கு விளம்பரமாக இருவரும் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். படத்தில் அந்தப் பாட்டு இல்லை. தயாரித்தவர் ஜார்ஜ் மார்ட்டின், பின்னாளில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் தட்டுகளைத் தயாரித்தவர். பிரிட்டனில் நான்காம் இடம் வரை போனது.

இதற்குப் பதிலடி கொடுத்தவர்கள் பிரிட்டனில் வாழ்ந்த தெற்காசியக் கலைஞர்கள். மீரா சியால், சஞ்சீவ் பாஸ்கர், குல்விந்தர் கிர், நினா வாடியா ஆகிய நால்வரும் 1996-இல் வானொலியிலும் 1998 முதல் தொலைக்காட்சியிலும் நடத்திய நகைச்சுவைத் தொடருக்கு இந்தப் பாட்டின் தலைப்பையே வைத்தார்கள். ராகத்தைப் பாங்ரா தாளத்தில் போட்டு முகப்பு இசையாக்கினார்கள். அதில் இந்தியர்கள் கூட்டமாக 'ஆங்கிலேய' உணவகத்துக்குப் போய், இருப்பதிலேயே காரம் குறைந்த சாப்பாடு எது என்று வெயிட்டரைப் படுத்தி எடுக்கும் காட்சி ஒன்று உண்டு. பழிவாங்கல் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஜூன் 13

"எல்லாமே வெறும் பலகுரல் வித்தை" என்று மறுபடியும் ஒருவர். சரி, 'ஐம் ஆல் ரைட் ஜாக்' பாருங்கள். 1959. தொழிற்சங்கத் தலைவர் ஃப்ரெட் கைட்.

முதலில் இந்த வேடத்தை செல்லர்ஸ் வேண்டாம் என்றார். சிரிக்க வைக்கும் வரி ஒன்றுகூட இதில் இல்லையே என்பது அவர் வாதம். ஒரு சோதனைப் படப்பிடிப்புக்கு வரச் சொன்னார்கள். ஹிட்லர் மீசையும் இறுக்கமான கோட்டுமாக, ஆட்களோடு நடந்துவந்து பேசத் தொடங்கியதும் படப்பிடிப்புக் குழுவே சிரித்துவிட்டது. நகைச்சுவை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கே விளங்கியது. செய்திப் படங்களில் சங்கத் தலைவர்கள் பேசுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்து உழைத்திருக்கிறார்.

கைட்டின் பேச்சைக் கவனியுங்கள். படிப்பறிவு குறைந்த ஒருவர் அறிக்கை மொழியில் பேச முயலும்போது வருகிற இடறல். பெரிய சொல்லை நெருங்கும் முன் ஒரு கணம் நிற்பார். அதைத் தாண்டியதும் நெஞ்சு நிமிரும். ரஷ்யாவைப் பற்றிப் பேசும்போது கோதுமை வயல்களும் மாலை நேர பாலே நடனமும் என்று கண்கள் கனவில் மிதக்கும். கேலிதான். ஆனாலும் மனைவியும் மகளும் வீட்டை விட்டுப் போனபின் அந்த மனிதர் சமையலறையில் திண்டாடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பிரிட்டிஷ் திரைப்பட அகாடமி அந்த ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் நடிகர் விருதைக் கொடுத்தது. 'பென் ஹர்' ஓடிய காலத்தில் ஒரு தொழிற்சாலைக் கேலிப் படத்துக்கு!

இப்போது என் கட்சி: கைட்டுக்காக செல்லர்ஸ் மனிதர்களைப் பார்த்தார். பக்ஷிக்காக யாரையும் பார்க்கவில்லை. போர்க்காலத்திலிருந்து பையில் கிடந்த குரலை எடுத்து உதறி மாட்டிக்கொண்டார். சாயத்தைவிடப் பெரிய கோளாறு அதுதான்.

ஜூன் 14

நேற்று எழுதியதைச் சோதித்துப் பார்க்க 'தி பார்ட்டி' படத்தின் முன்பாதியை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கட்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பக்ஷி விருந்துக்கு வருகிறார். வெள்ளைக் காலணியில் சேறு. வீட்டுக்குள்ளேயே செயற்கை ஓடை ஒன்று ஓடுகிறது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு காலணியைக் கழுவக் குனிகிறார். காலணி கை நழுவி மிதந்து போகிறது. பதறவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓடையின் அழகை ரசிப்பவர் போலக் கரையோரமாகக் கூடவே நடக்கிறார். பிறகு ஒரு செடியின் கிளையால் துழாவி எடுக்கப் பார்க்கிறார். அது எகிறிப் போய்ப் பலகாரத் தட்டில் விழுகிறது. தட்டு ஊர்வலம் போகிறது. ஒற்றைக் காலணியோடு நிற்கிறோம் என்பது முகத்தில் தெரியக் கூடாது. அதே சமயம் தட்டையும் பார்வையிலிருந்து விடக் கூடாது. கழுத்துக்கு மேலே விருந்தாளி, கீழே திருடன்.

குரலே இல்லாமல் இது முழுதாக நிற்கிறது. புது இடத்தில் அவமானப்படாமல் இருக்க ஒரு மனிதன் படும் பாடு. வெளிநாட்டில் முதன்முதலாக ஒரு விருந்துக்குப் போன எவருக்கும் இந்த வியர்வை தெரியும். விருந்துக்கு வந்த ஒரு பெண் கிட்டாருடன் பாடும்போது கழிப்பறைக்குப் போக முடியாமல், எழுந்து போனால் மரியாதைக் குறைவு என்று கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கும் காட்சியும் அப்படித்தான்.

முழுத் திரைக்கதையும் சுமார் அறுபது பக்கம்தான். மீதி தளத்தில் பிறந்தது. எடுத்த காட்சியை உடனே திரையில் போட்டுப் பார்க்கும் வீடியோ வசதியை இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் பயன்படுத்தினார், அன்று அது புதுமை. ஒவ்வொரு காட்சியும் முந்தையதன் தோளில் ஏறி நிற்பதற்கு அது ஒரு காரணம்.

இன்னொன்று. அந்த வீட்டில் குடித்துவிட்டு விழாதவர், பெண்ணிடம் தவறாக நடக்காதவர், யாரையும் அதட்டாதவர் பக்ஷி ஒருவர்தான். குட்டி யானையின் உடம்பெல்லாம் வாசகங்களைக் கிறுக்கி இளைஞர்கள் கூட்டி வரும்போது, அது எங்கள் நாட்டின் அடையாளம், கழுவிவிடுங்கள் என்று கோபப்படுகிறார். அதன் விளைவாக வீடே நுரையில் மூழ்குகிறது. படம் அவர் பக்கம்தான் நிற்கிறது.

ஜூன் 14, மாலை

"அப்படியானால் சாயம் சரி என்கிறீர்களா?" இல்லை. ஒலியை அணைக்கலாம், வண்ணத்தை அணைக்க முடியவில்லை.

ஜூன் 15

சத்யஜித் ராய் விவகாரத்தைக் கிளப்பியவருக்கு நன்றி. 1967-இல் ராய் 'தி ஏலியன்' என்ற படத்துக்குத் திரைக்கதை எழுதியிருந்தார். வங்காளக் கிராமத்துக் குளத்தில் வேற்றுக்கிரக விண்கலம் இறங்குகிற கதை. கொலம்பியா நிறுவனம் ஆர்வம் காட்டியது. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் இடையில் இருந்தார்கள். பஜோரியா என்ற மார்வாரி வியாபாரி வேடத்துக்கு செல்லர்ஸ் சம்மதித்தார். பிறகு விலகிக்கொண்டார். படமும் எழவில்லை.

'தி பார்ட்டி'யில் பக்ஷி தன் செல்லக் குரங்கைப் பற்றிச் சொல்கிறார். குரங்கின் பெயர் அப்பு. ராயின் உலகப் புகழ்பெற்ற நாயகன் அப்புவின் பெயர்! வேண்டுமென்றே வைத்ததா, காதில் விழுந்த ஓர் இந்தியப் பெயரா என்பதில் நான் பந்தயம் கட்ட மாட்டேன். ராய் ரசிக்கவில்லை. கைட்டைப் படைத்தவரை ராய் இயக்கியிருந்தால் அந்த மார்வாரி எப்படி வந்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ராய் ஆளைப் பார்க்க வைத்திருப்பார்.

ஸ்பீல்பர்க் 'ஈ.டி.' படத்துக்கு ராயின் கதையைத் திருடினார் என்று ஆரம்பிப்பவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.

ஜூன் 17

ஒரு திருத்தம்: 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தில் செல்லர்ஸுக்கு நான்கு வேடம் என்று எழுதியிருக்கிறார்கள். படத்தில் இருப்பது மூன்று. மாண்ட்ரேக், ஜனாதிபதி மஃப்லி, ஸ்ட்ரேஞ்ச்லவ். நான்காவதாக வெடிகுண்டின் மேல் ஏறிச் சவாரி செய்யும் மேஜர் காங் வேடமும் அவருக்குத்தான் இருந்தது. டெக்சாஸ் உச்சரிப்பு பிடிபடவில்லை, பிறகு காலிலும் அடிபட்டது. ஸ்லிம் பிக்கன்ஸ் வந்தார். நல்லதே நடந்தது.

மஃப்லியை முதலில் ஜலதோஷத்தோடு, மூக்கில் உறிஞ்சிக்கொண்டே நடித்தார். தளத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்க, இயக்குநர் குப்ரிக் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். மீதமிருப்பது வெறும் நல்ல மனிதர். ரஷ்யப் பிரதமரிடம் தொலைபேசியில், குடித்திருக்கும் நண்பனைச் சமாதானப்படுத்துவதுபோல, உங்கள்மீது குண்டு விழப் போகிறது என்று பக்குவமாகச் சொல்லும் காட்சி அப்படிக் கழித்துக் கழித்துக் கிடைத்ததுதான். ஒரு நடிகரிடமிருந்து எதைப் பிடுங்க வேண்டும் என்று தெரிந்த இயக்குநர் கிடைத்தால் செல்லர்ஸ் வேறு ஆள்.

க்ளூஸோ பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 'பிங்க் பாந்தர்' (1963) டேவிட் நிவனின் படமாக இருக்க வேண்டியது. க்ளூஸோ என்ற போலீஸ் அதிகாரி வேடத்தில் பீட்டர் உஸ்டினோவ் நடிக்க வேண்டியது, அவர் விலகியதால் செல்லர்ஸுக்கு வந்தது. அந்த மீசை, ஆங்கிலக் கால்வாயை 1875-இல் நீந்திக் கடந்த கேப்டன் வெப்பின் படம் போட்ட தீப்பெட்டியிலிருந்து வந்தது என்று செல்லர்ஸ் சொல்வார். 'எ ஷாட் இன் த டார்க்' (1964) தொடரிலேயே சிறந்தது. அதில் கண் துடிக்கும் மேலதிகாரி ஹெர்பர்ட் லோம், 1955-இல் 'தி லேடிகில்லர்ஸ்' படத்தில் செல்லர்ஸோடு ஒரே கொள்ளைக் கூட்டத்தில் இருந்தவர்! 1970-களில் வந்த மூன்று க்ளூஸோ படங்கள் பணத்துக்காக. சிரிப்பு வருகிறது, அவ்வளவே.

ஜூன் 20

"ஆள் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மோசம். நான்கு திருமணங்கள். இரண்டாவது மனைவி பிரிட் எக்லண்டை 1964 பிப்ரவரியில் மணந்தார், ஏப்ரலில் அடுத்தடுத்து மாரடைப்புகள் வந்து ஹாலிவுட்டில் சாவின் விளிம்பு வரை போனார். இயக்குநர் பில்லி வைல்டரின் படம் கைநழுவியது. ஜோசியரைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டார். பச்சை நிறம் ஆகாது, ஊதாவும் ஆகாது. 'கேசினோ ராயல்' படப்பிடிப்பில் சக நடிகர் ஆர்சன் வெல்ஸோடு ஒரே தளத்தில் நிற்க மறுத்தார். பிள்ளைகளிடம் பரிசுமழை பொழிவார், மறுநாள் சீறுவார். உயிலில் அவர்களுக்கு வந்தது சொற்பம். ஏறத்தாழ எல்லாம் நான்காவது மனைவி லின் ஃப்ரெடெரிக்குக்குப் போனது. மகன் மைக்கேல் 2006 ஜூலை 24 அன்று மாரடைப்பில் இறந்தார், அப்பா இறந்த அதே தேதி.

கலைஞன் என்றால் அப்படித்தான் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. நடிகர் அலெக் கின்னஸ் வீட்டில் ரகளை செய்யாமலேயே ஒரே படத்தில் எட்டு வேடம் கட்டினார்.

ஜூன் 23

'பீயிங் தேர்' (1979) இன்னும் பார்க்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம்.

ஜெர்சி கோசின்ஸ்கியின் நாவல் வந்ததுமே, 1970-களின் தொடக்கத்தில், இந்த வேடம் தனக்குத்தான் என்று செல்லர்ஸ் முடிவு செய்துவிட்டார். அந்தப் பாத்திரத்தின் பெயரிலேயே எழுத்தாளருக்குத் தந்தி அனுப்பினார். பணம் கிடைக்க ஆண்டுகள் ஆயின. க்ளூஸோ படங்கள் ஓடியதால்தான் தயாரிப்பாளர்கள் மறுபடி கதவைத் திறந்தார்கள் என்பதையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சான்ஸ் என்ற தோட்டக்காரர். எழுத்து தெரியாது, தொலைக்காட்சி மட்டுமே தெரியும். குரலைத் தேடித் தேடி ஒரு தட்டையான, மெதுவான பேச்சில் வந்து நின்றார் செல்லர்ஸ். அதில் அவருடைய தெய்வம், லாரல்-ஹார்டி ஜோடியின் ஸ்டான் லாரலின் சாயல் இருக்கிறது. ஏற்ற இறக்கம் இல்லை. அடுத்தவர் சொன்னதின் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்கிறார், கேட்டவர் தன் ஞானத்தையே அதில் கண்டு பூரிக்கிறார். தெருவில் கத்தி காட்டும் இளைஞர்களை நோக்கி ரிமோட்டை நீட்டிச் சேனலை மாற்றப் பார்க்கிறார். கை நடுங்குவதில்லை, சேனல் ஏன் மாறவில்லை என்ற லேசான குழப்பம் மட்டும்.

பலகுரல் வித்தை மட்டும்தான் என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே என் சாட்சி. வித்தையைக் கீழே வைத்துவிட்டு ஒரு முழுப் படம் நடித்திருக்கிறார். ஆஸ்கர் பரிந்துரை வந்தது, விருது 'கிரேமர் வெர்சஸ் கிரேமர்' படத்துக்காக டஸ்டின் ஹாஃப்மனுக்குப் போனது. படத்தின் முடிவில் எழுத்துகள் ஓடும்போது, செல்லர்ஸ் வசனம் சொல்ல முடியாமல் சிரித்துத் தடுமாறும் துண்டுகளை இயக்குநர் ஹால் ஆஷ்பி சேர்த்திருந்தார். மாயத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று செல்லர்ஸ் கொதித்தார். அவர் கட்சிதான் நானும். எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடுங்கள்.

ஜூன் 24

இறந்தது 1980 ஜூலை 24, லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனை, வயது 54. மில்லிகனோடும் சீகோம்போடும் சாப்பிடுவதாக இருந்த வாரம் அது. கோல்டர்ஸ் கிரீன் தகன மையத்தில் அவர் விருப்பப்படி கிளென் மில்லரின் 'இன் த மூட்' ஒலித்தது. அவருக்கு அறவே பிடிக்காத மெட்டு என்பார்கள். நண்பர்களுக்கு விட்டுச்சென்ற குறும்பு.

கடைசிப் படம் எது என்று கேட்டவருக்கு: 1982-இல் 'டிரெயில் ஆஃப் த பிங்க் பாந்தர்' என்று ஒன்று வந்தது. இறந்தவரை வைத்து, பழைய படங்களில் வெட்டிப் போட்ட துண்டுகளை ஒட்டிச் செய்தது. லின் ஃப்ரெடெரிக் வழக்குப் போட்டு வென்றார். அவரைப் பற்றி இந்த இழையில் எத்தனையோ பேர் வசைபாடியிருக்கிறீர்கள். இந்த வழக்கில் நியாயம் முழுக்க அவர் பக்கம். படத்தைத் தேடிப் போகாதீர்கள்.